வலிச்சட்டை

“இடுப்பை வளைக்காதீங்க. முழங்காலை மடக்கிக் குனியுங்க. பாரத்தை நெஞ்சோட ஒட்டிப் பிடிங்க” என்று மங்கையர்க்கரசி சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்தாமலே கொட்டாவி விட்டாள். மங்கைக்குக் கோபம் வரவில்லை. இதே வாக்கியங்களை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிச் சொல்லி அவளுக்கே கொட்டாவி வந்து வெகுகாலம் ஆயிற்று.

கோயம்புத்தூருக்கு வெளியே, மிக்சிக்கு மோட்டார் செய்யும் தொழிற்சாலை அது. ஓடும் பெல்ட்டிலிருந்து மோட்டாரை எடுத்துத் திருகுகளை முடுக்கி, தலைக்கு மேலே இருக்கும் தட்டில் தூக்கி வைக்க வேண்டும். அடுத்தது வந்துவிடும். தட்டின் உயரத்தை முடிவு செய்தவன் ஆறடி ஆளாக இருந்திருப்பான். தூக்கி வைப்பவர்களோ எல்லோரும் பெண்கள். தட்டை ஒரு முழம் இறக்கி, பெல்ட்டையும் கொஞ்சம் மெதுவாக ஓட விட்டால் பயிற்சியே தேவையில்லை. ஆனால் பெல்ட் மெதுவாக ஓடினால் உற்பத்தி குறையும். மங்கையைக் கூப்பிட்டுப் பேச வைத்தால் எதுவும் குறையாது. அதனால்தான், உடம்பு நோகாமல் வேலை செய்ய ‘எர்கோனாமிக்ஸ் பயிற்சி’ என்று போர்டு மாட்டி அவளைக் கூப்பிட்டார்கள். வலிக்கிறதா, நீ நிற்கிற நிலை சரியில்லை; இன்னும் வலிக்கிறதா, நீ சரியாகப் பயிற்சி செய்யவில்லை. இவ்வளவுதான் பாடம். வேறு என்ன சொல்ல முடியும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பு முடிந்ததும் வேலாத்தாளை மட்டும் நிறுத்தினாள். இந்த லைனில் மூத்தவள். வகுப்பு முழுக்க வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை மங்கை கவனித்திருந்தாள்.

“இந்தக் கையைக் காதுக்கு மேல தூக்குங்க, பாப்போம்.”

வேலாத்தாள் தூக்கினாள். கை பாதியில் நின்றுவிட்டது; மீதித் தூரம் இடது கைதான் அதைத் தள்ளி ஏற்றியது. முகம் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

“வலிக்குதா?”

“இல்லைங் மேடம்.”

“எங்கிட்ட எதுக்குப் பொய்?”

“சத்தியமாலுமுங். மரத்தாப்பல இருக்குது, அவ்ளோதானுங்.”

மங்கை தோளை அழுத்திப் பார்த்தாள். எலும்பையும் தசையையும் கட்டி வைத்திருக்கும் நாண் பழைய கிணற்றுக் கயிறாக நைந்திருந்தது. விரலுக்குக் கீழே வீக்கம் சூடாகக் கொதித்தது. இதே வேகத்தில் இன்னும் சில வாரம் தூக்கினால் அது அறுந்துவிடும். அறுந்தால் அப்புறம் தலைவாரக்கூட அந்தக் கை எழாது. இப்படிப்பட்ட தோளை வைத்துக்கொண்டு ஒருத்தி வலியே இல்லை என்று சிரிக்கிறாள் என்றால் எங்கேயோ கோளாறு இருக்கிறது.

மேலாளர் கிரிதரனோ வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். “எங்க லைன்தான் மேடம் ஜில்லாவிலேயே பச்சை! எல்லாம் உங்க பயிற்சியோட மகிமை. ரெண்டு தடவை வேகத்தைக் கூட்டியாச்சு, அப்பவும் பச்சைதான்.”

பச்சை என்று அவர் சொன்னது வலிச்சட்டையின் விளக்கை. அந்தச் சட்டை வந்ததற்கு மங்கையும் ஒரு காரணம். பாடம் சொல்லி அலுத்துப்போய், இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று அவளும் சிலரும் வருஷக்கணக்கில் அரசாங்கப் படிகளில் ஏறி இறங்கி ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளி கழுத்தில் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். நரம்பில் போகிற வலியை அது படித்து மேலே அனுப்பும். பெல்ட் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறாரோ அவர் வேலை நேரம் முழுக்க ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வலியை அப்படியே அனுபவிக்க வேண்டும். வலி அதிகமானால் சட்டையில் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்தால் சட்டைக்காரர் கட்டுப்பாட்டுப் பலகையில் விரல் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், தட்டை இறக்கலாம். பச்சை எரிந்தால் கூட்டலாம். சட்டை போட ஆள் இல்லாவிட்டால் பெல்ட்டே ஓடாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும், அதுதான் மங்கையின் கணக்கு.

“பச்சையா? அப்ப அந்த வேலாத்தா தோள் ஏன் அப்படிக் கொதிக்குது? உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?” என்றாள்.

“எனக்கு எப்படி மேடம் தெரியும்? சட்டையை நானா போட்டிருக்கேன்?”

“நீங்கதானே போடணும்!”

“விதியைப் படிங்க மேடம். ‘வேகத்தைத் தீர்மானிப்பவர், அல்லது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவர்.’ நீங்க எழுதின விதிதானே?”

அந்த ‘அல்லது’ அவள் எழுதியது இல்லை. முதலாளிகள் சங்கம் கடைசி நாளில் கேட்டு வாங்கிய ஒரே ஒரு சொல். போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தாள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது அன்றைக்கு அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. இன்றைக்கு வந்து என்ன பிரயோஜனம்?

மாடியில், லைனைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை. உள்ளே சாய்வு நாற்காலியில், சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஐம்பது வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கதவில் ‘வேக நிர்ணய அதிகாரி’ என்று பலகை. பெயர் சென்னியப்பன். இதே தொழிற்சாலையில் லோடுமேனாக இருந்து, முதுகுத்தண்டின் வட்டு நழுவி, இனி தூக்க முடியாது என்றானவர். ஏற்கெனவே வலிக்குப் பழகிய உடம்பு என்று கம்பெனி அவரையே அதிகாரியாக்கிவிட்டது. பெல்ட்டுக்கு அதிபதி அவர்தான், காகிதத்தில்.

“உக்காருங்க மேடம். எழுந்திரிக்கக் கூடாதுன்னு ரூலுங், தப்பா நெனைக்காதீங்க” என்றார்.

“ரொம்ப வலிக்குமாண்ணா?”

“மொத மாசம் உசுரு போயிருச்சுங். ஒவ்வொருத்தியா மாறி மாறி வருமுங். ஒருத்தி கழுத்து, ஒருத்தி மணிக்கட்டு. நான் கத்துன கத்து கீழ வரைக்கும் கேட்டுருக்குமாட்ட இருக்குது. அப்பறம் பாருங்க, கொஞ்சங் கொஞ்சமா கொறஞ்சு போச்சு. இப்ப எறும்பு கடிச்சாப்பலதான். உங்க பாடத்தக் கேட்டுப் புள்ளைக நல்லா நிக்கப் பழகிருச்சுக.”

“அதனால வேகத்தைக் கூட்டினீங்களா?”

“மேனேஜர் கேட்டாருங். வலிக்கலையே, அப்பறம் எதுக்கு மாட்டேங்கோணும்? விரல வெச்சேனுங்” என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

மங்கைக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே ஆகவில்லை.

மறுநாள் காலையில் பெண்களோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பஸ், ஆனால் கண்ணாடியில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. தொழிற்சாலை வாசலில் ஒரு பிள்ளையார் உண்டு. ஷிப்டுக்கு முன்னால் எல்லோரும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வேலாத்தாள் திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்தாள். மங்கையும் முக்காடு போட்டுக்கொண்டு நடுவில் நின்று கையை நீட்டினாள். உள்ளங்கையில் திருநீறு விழுந்தது. கூடவே வெள்ளையாக ஒரு மாத்திரையும் விழுந்தது.

“வாயில போட்டுக்க அம்மிணி, தண்ணி அடுத்தாப்பல வருது” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்த வேலாத்தாள், நீட்டிய கையில், வகுப்பில் பார்த்த மேடத்தின் கடிகாரத்தைக் கண்டு நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

“என்ன மாத்திரை இது?”

மங்கைக்கு மாத்திரையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எதிர் மெடிக்கலில் கிடைக்கும் வலி மாத்திரைதான். நரம்பை மழுக்கிவிட்டால் கழுத்துப் பட்டைக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

“வலியே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்க. பிறகு யாருக்காக முழுங்கறீங்க?”

“எங்களுக்கில்லைங் மேடம்” என்றாள் வேலாத்தாள். “அண்ணனுக்குங்.”

“எந்த அண்ணன்?”

“மேல உக்காந்துட்டு இருக்கறாரல்ல, சென்னியண்ணன். மொத மாசம் அவரு கத்துனதக் கேட்டிருக்கோணும் நீங்க. லோடுமேனா இருந்தப்ப, எங்கள்ல யாராச்சும் மாசமா இருந்தா, அவ மோட்டாரையும் சேத்துத் தூக்கி வெப்பாரு அந்த மனுசன். என்ற மவ கல்யாணத்துல பந்தி பரிமாறுனவரு. எங்க நோவு அவரப் போட்டுத் துடிக்க வெக்கறதப் பாத்துட்டு, எப்படீங் மோட்டாரத் தூக்கறது?”

“ஐயோ, அவருக்கு வலிச்சாத்தானேம்மா வேகம் குறையும்! அதுக்குத்தானே அந்தச் சட்டையே! உங்க பக்கம் சாட்சி சொல்ல ஒரே ஒரு வாய் இருக்கு, அதையும் நீங்களே பொத்தறீங்களே.”

“நீங்க சொல்றது சரிதானுங். படிச்சவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா தெரிஞ்ச மனுசன் துடிக்கறப்ப கை சும்மா இருக்குமுங்களா?”

“உங்க தோள் அறுந்துடும். இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் பழைய கை வராது.”

வேலாத்தாள் சிரித்தாள். “அது அப்ப பாத்துக்கலாமுங்” என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே எல்லோரும் போனார்கள். மங்கை பிள்ளையாரைப் பார்த்தாள். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நேராக மாடிக்கு ஏறிச் சென்னியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெகுநேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகத்தைக் கூட்ட இரண்டு முறை வைத்த விரல். பிறகு அதைக் கட்டுப்பாட்டுப் பலகையில் வைத்து அழுத்தினார். பச்சை எரியும்போது குறைக்க முடியாது என்று அது கீச்சென்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி கீச்சென்றது.

அன்று மாலை கீழே இறங்கி வந்து பெண்கள் முன்னால் கைகூப்பி நின்றார். “மாத்தர போடாதீங்க கண்ணுகளா. நான் தாங்கிக்கறேன்.” சரி என்றார்கள். வேலாத்தாள் பிள்ளையார் மேல் ஆணையிட்டுச் சொன்னாள். மறுநாள் காலையிலும் பச்சையே எரிந்தது. மெத்தையில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்ததாம் அவருக்கு. பொய்ச் சத்தியத்தைப் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

சென்னியப்பன் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலி மேல் வைத்தார். பெல்ட் நின்றது.

“நான் இதுல இருக்கற வரைக்கும் அதுக முழுங்கத்தான் போகுதுக. நான் போறேனுங்.”

“வேலை போயிடுமேண்ணா” என்றாள் பக்கத்தில் நின்ற மங்கை.

“போவட்டுமுங். ஊட்டுல என்ன சொல்றதுன்னுதான் தெரியல” என்றவர், மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கிரிதரன் தலைதெறிக்க ஓடி வந்தார். நின்ற பெல்ட்டைப் பார்த்து அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “இப்ப நான் உடனே யாரைப் பிடிக்கிறது?”

மங்கைக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்தப் பெண்கள் யாருக்காக முழுங்க மாட்டார்கள்? தங்களுக்குப் பிடிக்காத ஆளுக்காக. கிரிதரன் உட்கார்ந்தால் அவர்கள் மாத்திரையை மட்டுமல்ல, தைலத்தைக்கூடத் தொட மாட்டார்கள். ஆனால் கிரிதரன் ஏழு ஜென்மத்துக்கும் அந்தச் சட்டைக்குள் கையை விட மாட்டார்.

“ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் உட்கார்றேன்” என்றாள்.

“நீங்களா? விதியைக் கொண்டுவந்தவங்களே எங்க ஃபேக்டரியில சட்டை போட்டாங்கன்னா... போட்டோ எடுத்துக்கலாமா மேடம்?”

அதிகாரம் அவள் விரலுக்கு மாறியது. பச்சை விளக்கை நம்பி அவர் நிம்மதியாகக் கொடுத்தார். மீதியிருந்த நேரமும் எரிந்தது பச்சைதான். மங்கை காத்திருந்தாள். ஷிப்டு முடிந்ததும் பெண்களைக் கூடத்தில் கூட்டினாள். இத்தனை வருஷமாக யார் வாயிலிருந்து வந்தாலும் அவளுக்குக் குமட்டுகிற பேச்சு எதுவோ, அதையே தன் வாயால் பேசினாள்.

“உங்களுக்கு வலிக்கிறதுக்குக் காரணம் தட்டும் இல்ல, பெல்ட்டும் இல்ல. சோம்பேறித்தனம். ராத்திரி சீரியல் பாக்க நேரம் இருக்கு, நான் சொன்ன பயிற்சியைச் செய்ய நேரம் இல்ல. தின்னு தின்னு உடம்பை வளர்த்துட்டு அப்புறம் தோள் வலிக்குதுன்னா எப்படி? உங்களாலதான் சென்னியண்ணனுக்கு வேலை போச்சு. இனிமே நான்தான் உட்காரப் போறேன். உங்க வலியெல்லாம் எனக்குக் கொசுக்கடி. நான் உடம்பை ஒழுங்கா வெச்சிருக்கறவ.”

கொட்டாவி விட்டவளின் கண்ணில் நீர் தளும்பியது. மங்கைக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டாள்.

வேலாத்தாள் எழுந்தாள். “கொசுக்கடிங்களா?” என்றாள் நிதானமாக. “ஆகட்டுமுங். நாளைக்குப் பாக்கலாமுங்.”

மறுநாள் வாசலில் திருநீறு மட்டும்தான் விழுந்தது. மங்கை மாடிப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடி அறைக்குப் போய்க் கைகளைச் சட்டைக்குள் நுழைத்தாள்.

முதலில் பிடரியில் யாரோ கிள்ளியது போல இருந்தது. அது ஒருத்தி. பிறகு மணிக்கட்டில் நெருப்பு, அது இன்னொருத்தி. நிறுத்தமே இல்லாமல் ஒன்று போய் ஒன்று வந்தது. இடுப்பு, விரல் கணு, குதிகால். எத்தனையோ உடம்புகளைத் தொட்டுத் தொட்டு, ‘இங்கே வலிக்கும், அங்கே இழுக்கும்’ என்று படம் போட்டுக் காட்டியவள் அவள். படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசியாக வலது தோளில் கத்தி இறங்கித் திரும்பியது. வேலாத்தாள் முறை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு திருகு. ‘மரத்தாப்பல இருக்குது, அவ்ளோதானுங்’ என்று இதை வைத்துக்கொண்டா சிரித்தாள்? மங்கை வாய்விட்டு அலறினாள். சட்டையில் சிவப்பு எரிந்தது.

விரலைப் பலகைக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி வைத்து அழுத்தினாள். கீழே பெல்ட் முனகிக்கொண்டு வேகம் தணிந்தது. தட்டு மெல்ல இறங்கி வந்து பெண்களின் மார்பளவில் நின்றது. வேலாத்தாள் மோட்டாரை எடுத்து, தூக்காமலே, நேராக நீட்டி வைத்தாள். ஒரு கணம் தன் கையையே பார்த்தாள். பிறகு எல்லோரும் நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். உள்ளே மங்கை அழுதுகொண்டிருந்தாள். வலியால் பாதி, சந்தோஷத்தால் பாதி. கீழே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் கண்டது வலியில் அழும் ஒருத்தியை மட்டும்தான்.

கிரிதரன் வந்தார், கத்தவில்லை. விஷயம் தெரிந்தவர் கத்த மாட்டார். “ரெண்டு நாள் சேர்ந்தாப்பல சிவப்பு வந்தாத்தான் மேடம் நிரந்தரம். நாளைக்குப் பச்சை எரிஞ்சா எல்லாம் தானாப் பழைய இடத்துக்குப் போயிடும். ஒரு நாள் வேஷம் போட்டு ஏமாத்தக் கூடாதுன்னு வெச்ச விதி. அதுவும் நீங்க ஒத்துக்கிட்டதுதான்.”

“தெரியும். நாளைக்கும் சிவப்புதான் எரியும்” என்றாள் மங்கை. கொதிக்கிற வீக்கம் ஒரே ராத்திரியில் தணியாது. அவர்கள் அவளை இன்னும் ஒரே ஒரு நாள் வெறுத்தால் போதும். அப்புறம் வேலாத்தாளின் தோள் பிழைத்துவிடும்.

ஷிப்டு முடிந்து சட்டையைக் கழற்றிய பின்னும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கதவு திறந்தது. வேலாத்தாள் நின்றாள். கையில் தைலப் புட்டி. பின்னால் படிக்கட்டில் மற்றவர்கள், அந்தக் கொட்டாவிக்காரியும்.

“போங்க இங்கிருந்து. யாரு கூப்பிட்டா உங்கள?” என்று மங்கை சீறினாள். சீறியது சரியாக வரவில்லை.

வேலாத்தாள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வலது கை எழாததால் இடது கையாலேயே மங்கையின் தோளில் தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். கை இதமாக இருந்தது. திட்ட வேண்டும், இன்னும் கேவலமாக எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று மங்கை மனதுக்குள் துழாவினாள். ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

“நேத்துக் கோவத்துல இன்னைக்கு மாத்தர போடாம வந்துபோட்டமுங் மேடம். நீங்க இந்தப் பாடு படுவீங்கன்னு தெரியாமப் போச்சு. மனசு கேக்கலைங்” என்றாள் வேலாத்தாள். “பயப்படாம வாங்க. நாளைக்கு நாங்க பாத்துக்கறமுங்.”